ஒரு ஜோடிக்கு ஒரே ஸ்ட்ரைக்கர்

நேற்று மருமகள் மருந்துக் கடையிலிருந்து போரிக் பவுடர் வாங்கி வந்தாள். சமையலறையில் கரப்பான் பூச்சித் தொல்லை. "அத்தே, அலமாரிக்கு அடியில கொஞ்சம் தூவிடுங்களேன்" என்று என்னிடம் கொடுத்தாள். பாக்கெட்டைப் பிரிக்கும்போது கொஞ்சம் மேடைக் கல்லில் சிந்திவிட்டது. துடைக்கலாம் என்று கையை வைத்தேன். விரல் தானாக வழுக்கிக்கொண்டு போனது. அப்படியே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா அத்தே, துடைக்காம தடவினு இருக்கீங்க?" என்றாள். என்னவென்று சொல்வது? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஈரத்துணியால் துடைத்தேன். உன்னிடம் சொன்னால் புரியும் என்றுதான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உயிரோடு இருந்தவரை உனக்கு நான் ஒரு கடிதமும் எழுதியதில்லை. போனை இணைப்பதையே பிழைப்பாக வைத்திருந்தவர்களுக்கு எழுத எங்கே நேரம் வந்தது?

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தோம். எழுபதுகளின் நடுப்பகுதி. திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அப்போது எல்லாமே கைவேலைதான். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஓட்டை ஓட்டையாக இருக்கும் ஒரு பெரிய பலகைக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருப்போம். ஊரில் யார் போனை எடுத்தாலும் பலகையில் விளக்கு எரியும். 'நம்பர் ப்ளீஸ்' என்று கேட்டு, ஒயரை எடுத்துச் சரியான ஓட்டையில் சொருக வேண்டும். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தீபத்துக்கு முந்தின வாரம் லாட்ஜ்காரர்களும் மண்டிக்காரர்களும் நம் உயிரை எடுத்துவிடுவார்கள். "ஏம்மா, மெட்ராசுக்குப் போட்ட காலு இன்னுமா வரல, நானே நடந்து போயிருப்பேனே" என்று ஒருவர் கத்தியதற்கு, "செருப்பு போட்டுனு போங்கண்ணே, வெயில் ஜாஸ்தியா கீது" என்று நீ பதில் சொன்னாய். அதற்கு மெமோ வராமல் போனது நம் சூப்பர்வைசர் அம்மாவின் புண்ணியம்.

பெண்கள் ஓய்வெடுக்கும் அறையில் ஒரு கேரம் போர்டு இருந்தது. ஆண்கள் புதிது வாங்கிக்கொண்டபோது பழையதை நம் அறைக்குத் தள்ளிவிட்டார்கள். கூரை ஒழுகி ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் குடித்த போர்டு. ஒரு மூலை உப்பியிருக்கும். நாம் கைநிறைய இதே போரிக் பவுடரை அள்ளி அள்ளித் தூவினால்தான் காய் நகரும். வேலை முடிந்து வரும்போது புடவை முந்தானையெல்லாம் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்தப் போர்டில் ஆடித்தான் நாம் வேலூர் கேரம் போட்டி வரை போனோம்.

முதல் நாள் உன் ஆட்டத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆள்காட்டி விரலைக் கட்டை விரலுக்குப் பின்னால் மடக்கி, ஒரு கணம் பிடித்துவைத்து, பட்டென்று விடுவாய். டிக் என்று ஒரு சத்தம் கேட்கும். நாங்கள் காயைப் பார்ப்பதற்குள் அது குழிக்குள் இருக்கும். என் ஆட்டம் வேறு. நான் நடுவிரலை நீட்டி, ஸ்ட்ரைக்கரின் முதுகுக்கு மிக அருகில் வைத்து, மணிக்கட்டையும் சேர்த்து ஒரே வீச்சாக விடுவேன். "தள்ளுறா, தள்ளுறா" என்று எதிரில் ஆடுகிறவர்கள் கூச்சல் போடுவார்கள். தள்ளினால் அது தப்பாட்டம். நான் ஒரு நாளும் தள்ளியதில்லை என்று இத்தனை வருஷம் கழித்தும் சொல்கிறேன். நீகூட அதை முழுசாக நம்பவில்லை என்று எனக்குத் தெரியும்.

சுண்டுகிற கைக்கு லேசான ஸ்ட்ரைக்கர் வேண்டும். வேகம் விரலிலேயே இருப்பதால் கனம் கூடினால் அடக்க முடியாது. என்னுடைய கைக்குக் கனமானது வேண்டும். விரல் மெதுவாகத்தான் போகும், மிச்ச வேலையை ஸ்ட்ரைக்கரின் எடைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். லேசானதைக் கொடுத்தால் அது காயில் முட்டிய உடனே பயந்த மாதிரி பின்னால் ஓடிவந்துவிடும். தனித்தனியாக ஆடினால் இதில் ஒரு சிக்கலும் இல்லை. அவரவர் கைக்கு ஏற்றதை அவரவர் வைத்துக்கொள்ளலாம். நாம் ஜோடி சேர்ந்ததுதான் வினை. நம் எக்ஸ்சேஞ்ச் கிளப்பிலும் சரி, வேலூர்ப் போட்டியிலும் சரி, ஒரு ஜோடிக்கு ஒரே ஸ்ட்ரைக்கர் என்பது சட்டம். எப்போதோ யாரோ அடிக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே இருந்து சண்டை வந்ததாம், அதனால் வைத்த சட்டம் என்பார்கள். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு பேரும் ஒன்றைக் காட்டி, இதுதான் எங்களுடையது என்று சொல்லிவிட வேண்டும்.

அதற்காகத் தேரடித் தெருவில் பாய் கடைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? வளையல், ரிப்பன், முகப்பவுடர், செஸ், கேரம் எல்லாம் ஒரே கடையில் வைத்திருந்தார். அவருக்கு ஸ்ட்ரைக்கரைப் பற்றித் தெரிந்தது அதன் விலை ஒன்றுதான். ஒரு பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துக் கண்ணாடி மேசையில் கொட்டினார். விலை அதிகமானதைப் பொறுக்கி முன்னால் வைத்தார்.

"பம்பாய் மாலும்மா. இதுக்கு மேல இன்னா வேணும்?"

"பம்பாய்ல இருந்து வந்துட்டா என் விரலுக்கு ஒத்து வந்துடுமா பாய்?" என்று கேட்டுவிட்டு, நீ ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தாய். முதலில் விளிம்பில் நகத்தை ஓட்டிச் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பார்ப்பாய். மேசையில் படுக்க வைத்து ஓரத்தை அழுத்துவாய், ஆடினால் அடிப்பக்கம் சரியில்லை. பிறகு சக்கரம் மாதிரி நிற்க வைத்து உருட்டி விடுவாய். நேராகப் போனால் எடை எல்லாப் பக்கமும் ஒன்று. வளைந்து போனால் கழித்துவிடுவாய். இதெல்லாம் தேறிய பிறகுதான் விரலில் வைத்துப் பார்ப்பது. மேசைக் கண்ணாடியிலேயே ஒன்றைச் சுண்டிவிட்டாய். அது போய் வளையல் அட்டையில் மோதியது.

"யம்மா! ஸ்ட்ரைக்கர் வாங்க வந்தீங்களா, கடைய ஒடைக்க வந்தீங்களா?" என்று பாய் எழுந்து நின்றுவிட்டார். பிறகு அவரே உள்ளேயிருந்து ஒரு போர்டை எடுத்துவந்து விரித்தார். ஆம்பூரில் இருக்கும் அண்ணனுக்குப் போட்ட டிரங்க் கால் எப்போது கிடைக்கும் என்ற கவலையில் இருந்தவர், டெலிபோன்காரிகளோடு சண்டை போடுவாரா?

"எது நல்லதுன்னு பாய் சொல்றாரு பாரு" என்று நான் உன் காதில் சொன்னேன். "நல்ல ஸ்ட்ரைக்கர்னு ஒண்ணு கெடையாதுடி, யார் கையில நல்லதுன்னுதான் பாக்கணும்" என்றாய். கடைசியில் உனக்குக் கொஞ்சம் கனமாகவும் எனக்குக் கொஞ்சம் லேசாகவும் இருந்த ஒன்றை எடுத்தோம். பழுப்பு வெள்ளை நிறம், ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு. இரண்டு பேருக்கும் முழுத் திருப்தி இல்லை. அதனாலேயே நாம் அதைப் பற்றிச் சண்டையே போடவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் இரண்டு மூன்று வருஷம் திருவண்ணாமலையில் நம்மை யாரும் அசைக்க முடியாமல் இருந்தோம். வேலூரில் ஒரு வருஷம் கடைசி ஆட்டம் வரை போய்த் தோற்றோம். அடுத்த வருஷம் விடக்கூடாது என்று எனக்கு வெறியே பிடித்தது.

அதற்குள் உனக்குக் கல்யாணமாகிக் கீழ்பென்னாத்தூருக்குப் போய்விட்டாய். மாப்பிள்ளை வீட்டில் மல்லாட்டையும் நெல்லும் போடும் நிலம். தினம் பஸ்ஸில் வந்து போனாய். ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்து பஸ் ஜன்னலில் கண்ணாடி ஏது? தகர ஷட்டர்தான். சாரல் அடிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் இறக்குவார்கள். நீ ஜன்னல் கட்டையில் கையை வைத்திருந்தாய். பின் சீட்டுக்காரர் உதவி செய்வதாக நினைத்து உன் ஷட்டரையும் சேர்த்து விட்டார். வலது ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் விழுந்தது.

கட்டுப் பிரித்தபோது காயம் ஆறியிருந்தது. ஆனால் விரல் மடங்கவில்லை, குச்சி மாதிரி நின்றது. வேலைக்கு ஒன்றும் குறை வரவில்லை. ஒயரைக் கட்டை விரலாலும் நடுவிரலாலும் பிடித்துச் சொருகக் கற்றுக்கொண்டாய். ஆனால் வேலை முடிந்ததும் ஓய்வறைப் பக்கம் வராமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆரம்பித்தாய். கேட்டால், "மாமியாரு சீக்கிரம் வரச் சொல்றாங்கடி" என்றாய். நான் அதை நம்பினேன். உன் மாமியார் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

அந்தக் கோபத்தோடுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்கு வந்தேன். நீ கழனிப் பக்கம் போயிருந்தாய். உன் மாமியார் ஒரு முறம் நிறைய தோலோடு வேகவைத்த மல்லாட்டைக் கடலையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் எப்படிப் பேச்சை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவரே கேட்டார். "ஏம்மா, இவ இப்பல்லாம் அந்த ஆட்டம் ஆடறதில்லியா? முன்னெல்லாம் லேட்டா வந்தாலும் சிரிச்சினு வருவா. இப்ப பொழுதோட வந்து மொகத்தைத் தூக்கி வெச்சினு குந்தினு கீறா. நீயாச்சும் இட்டுனு போய் ஆட வையேன்." உரித்து வைத்திருந்த கடலையை முறத்திலேயே திருப்பிப் போட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் அம்மா என்னைக் கூப்பிட்டார். போளூரிலிருந்து புதிதாக வந்திருக்கும் பெண்ணுக்கு நல்ல கை, அவளோடு ஜோடி போட்டு வேலூருக்குப் பெயர் கொடுத்துவிடு என்றார். நீதான் அவரிடம் போய் அப்படிச் சொல்லியிருக்கிறாய் என்பது பிறகுதான் தெரிந்தது. சாயங்காலம் உன்னை விடாமல் துரத்தி வந்து திருவூடல் தெருவில் பிடித்தேன். சாமியும் அம்மனும் தை மாதம் ஊடி நிற்கிற தெருவில் நாம் ஆவணியில் சண்டை போட்டோம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான்.

"அவளோட ஆடுடி. அவளும் உன்னாட்டமே தள்ளுற கை. ரெண்டு பேருக்கும் ஒரே கனம் ஒத்து வரும். இந்தத் தபா கப்பு உனக்குத்தான்" என்றாய்.

"நான் தள்ளறதில்லன்னு எத்தினி தபா சொல்றது?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"மாமியார் மேல பழி போடறியே, அவங்க உன்னை ஆட இட்டுனு போன்னு என்கிட்ட கெஞ்சறாங்க. இன்னாடி உனக்கு?"

நீ தெருவில் போகிற மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு சொன்னாய். நடுவிரலால் ஆடிப் பார்த்தாயாம். வீட்டில் தாழ்வாரத்தில் யாரும் இல்லாதபோது, நம் ஸ்ட்ரைக்கரை வைத்தே. கனமாக எதை அடித்தாலும் அதிர்ச்சி பக்கத்து விரலுக்கு ஏறி, அடிபட்ட மூட்டு வலிக்கிறதாம். மிக லேசானதாக இருந்தால் அடிக்கலாம். "லேசா எடுத்தா உன் கை கெட்டுடும். ஒரு ஜோடிக்கு ஒண்ணுதானே? என் விரல் போனது போகட்டும். உன் ஆட்டமும் என்னால போவணுமா?" என்று கேட்டு அழுதாய். பஸ்ஸில் அடிபட்டபோதுகூட நீ அழவில்லை என்று உன் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார்.

எனக்குக் கப்பு ஆசை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். போளூர்ப் பெண்ணோடு ஆடினால் ஜெயித்திருப்பேன் என்பதும் தெரியும். ஆனால் நீ எதிரில் உட்காராத போர்டில் ஜெயித்து யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது? "என் கை, நான் கெடுத்துக்கறேன், உனக்கின்னா வந்துச்சு" என்று கத்தினேன். பூக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். உன்னை அங்கிருந்து நேராகப் பாய் கடைக்குத்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

பிஸ்கட் டின் மறுபடியும் கவிழ்ந்தது. இந்தத் தடவை நீ விளிம்பையும் பார்க்கவில்லை, உருட்டியும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக நடுவிரலால் அடித்துப் பார்த்தாய். நான் ஸ்ட்ரைக்கரைப் பார்க்காமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் சுருங்கினால் அதை எடுத்து டின்னுக்குள் போட்டுவிடுவேன். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்ததில் கடைசியாகச் சாயம்போன மஞ்சளில் ஒன்று மிஞ்சியது. அதை அடித்தபோது உன் புருவம் அசையவில்லை.

"அது சின்னப் பசங்க செட்டுல வந்ததும்மா. அதை வெச்சினு இன்னா பண்ணுவீங்க?" என்றார் பாய்.

"ஆடுவோம்" என்றேன் நான்.

ஆட முடியவில்லை என்பது மறுநாளே தெரிந்தது. உனக்கு அது ஒத்து வந்தது. என் வீச்சுக்கு அது தாங்கவில்லை. காயைத் தொட்டுவிட்டுத் திரும்பி என் மடிக்கே வந்தது. மெதுவாக விட்டால் பாதி வழியில் நின்றது. நான் எத்தனை வகையாகக் கையை மாற்றிப் பார்த்தும் நடக்கவில்லை. நீ எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இது சுண்டுற கைக்குத்தான் பேசும்" என்றாய். "அப்ப சுண்டக் கத்துக்குடு" என்றேன். நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாய்.

ஒரு விஷயத்தைச் செய்து காட்டாமல் சொல்லிக் கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. உன் விரலால் அதைக் காட்ட முடியாது. அதனால் என் விரலை எடுத்து உன் இரண்டு கையாலும் மடக்கி, என் கட்டை விரலுக்குப் பின்னால் கொண்டுபோய் வைப்பாய். "புடி. இன்னும் புடி. நீயா விடாத, அதுவா போவட்டும்" என்பாய். எனக்குப் பொறுமை கிடையாது. நானாகத்தான் விடுவேன். ஸ்ட்ரைக்கர் எங்கேயோ போகும். நகம் உடைந்தது, விரல் நுனி வீங்கியது. வீங்கின விரலோடு பலகையில் ஒயர் சொருகினேன். ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய காலை இன்னொரு வீட்டுக்கு மாற்றிக் கொடுத்துப் பேச்சு வாங்கினேன். போளூர்ப் பெண் பாவம், நல்லவள். டீ போட்டுக் கொடுத்துவிட்டு, நமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டு ஒதுங்கிவிட்டாள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம் அது நடந்தது. எதையும் யோசிக்காமல் அடித்தேன். டிக் என்று கேட்டது. உன் விரலிலிருந்து வருமே, அதே சத்தம். வெள்ளைக் காய் எதிர் மூலைக் குழிக்குள் போய் விழுந்தது. நான் குதித்தேன். நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மலை உச்சியில் மேகம் மூடியிருந்தது, பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. அது சந்தோஷமா அழுகையா என்று நான் கேட்கவில்லை. பிறகு திரும்பி, "இன்னொரு தபா அடி" என்றாய்.

வேலூர்ப் போட்டி பங்குனியில் வந்தது. கோட்டைக்குள் இருக்கிற கல்லெல்லாம் காய்ந்து கொதிக்கிற வெயில். அங்கே போய்த்தான் நாம் செய்த மடத்தனம் தெரிந்தது. ஸ்ட்ரைக்கரை உன் விரலுக்குப் பார்த்தோம், என் கைக்குப் பார்த்தோம், போர்டுக்குப் பார்க்கவே இல்லை. நம்முடையது தண்ணீர் குடித்த கிழட்டுப் போர்டு. அந்த வருஷம் போட்டிக்கு வைத்திருந்தது புதிது, வெயிலில் காய்ந்து எண்ணெய் தடவினாற்போல மின்னியது. போதாததற்கு நீ பழக்க தோஷத்தில் ஒரு கை பவுடரை அள்ளி அதன்மேல் வீசினாய். எதிர் ஜோடி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் முதல் அடி அடித்தேன். நம் மஞ்சள் ஸ்ட்ரைக்கர் நான்கு பக்கமும் முட்டி, ஒரு காயையும் போடாமல் தானே குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. விழுந்தால் தண்டமாக ஒரு காயை எடுத்து நடுவில் வைக்க வேண்டும். நாம் போட்ட காய்களைவிடத் திருப்பி வைத்த காய்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

முதல் சுற்றிலேயே தோற்றோம். ஆனால் கடைசி போர்டில் ரெட் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. உன் முறை. நடுவிரலால் தொட்டாய், அடிக்கக்கூட இல்லை. ஸ்ட்ரைக்கர் நடந்து போனாற்போலப் போய் ரெட்டின் தோளில் உரசியது. ரெட் விழுந்தது. அடுத்த அடியில் அதற்குத் துணையாக ஒரு வெள்ளையையும் போட்டாய். தோற்கப் போகிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்த ஆட்டத்தில் எதிர் ஜோடிக்காரி கை தட்டினாள். அப்போது உன் முகம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரிந்திருக்காது. எதிரில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் தெரியும்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் உம்மென்று இருந்தேன். கண்ணமங்கலம் தாண்டியதும் என் தொடையில் தட்டினாய். "தோத்தா இன்னாடி? போர்டுல குந்தினோமில்ல" என்றாய். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசவில்லை. ஆரணியில் வண்டி நின்றபோது வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தின்றோம்.

அதற்கப்புறம் மூன்று நான்கு வருஷம் ஆடினோம். ஒரு தடவைகூடக் கப்பு வாங்கவில்லை. உனக்கு மகள் பிறந்தாள். எண்பதுகளில் எக்ஸ்சேஞ்சில் புது மெஷின் வந்து, எண்ணைச் சுழற்றினால் தானாகவே மணி அடிக்க ஆரம்பித்தது. பலகையைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். நம்மை ஆளுக்கொரு ஊராகப் பிரித்துப் போட்டார்கள். உனக்கு வந்தவாசி, எனக்கு வேலூர். கேரம் போர்டு என்ன ஆனது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பிறகு போனில் பேசும்போது எடுத்ததும் "நம்பர் ப்ளீஸ்" என்போம். கடைசியாக நான் கூப்பிட்டபோது உனக்கு அதைச் சொல்ல மூச்சு இல்லை. "உம்" என்று மட்டும் சொன்னாய்.

உன் காரியத்துக்குக் கீழ்பென்னாத்தூர் வந்தேன். எல்லாரும் சாப்பிட்டு ஓய்ந்த பிறகு உன் மகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கே இப்போது நரை தட்டிவிட்டது.

"பெரிம்மா, அம்மா கேரம்ல பெரிய ஆளாமே. அப்பா சொல்லுவாரு. நான் ஒரு நாள்கூட பாத்ததில்ல. அந்த மடங்காத விரலை வெச்சினு எப்பிடி ஆடினாங்க?"

அவள் பிறந்ததிலிருந்து உன் விரல் அப்படித்தான். அந்த விரல் ஒரு காலத்தில் மடங்கியது என்பதே அவளுக்குத் தெரியாது. நான் அக்கம்பக்கம் பார்த்தேன். ஜன்னலில் உன் மாத்திரை டப்பாக்கள் அப்படியே இருந்தன. ஒன்றின் மூடியைக் கழற்றிச் சிமெண்டுத் தரையில் வைத்தேன். கீழே உட்கார எனக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை, அவள்தான் பிடித்து உட்கார வைத்தாள். விரலை மடக்கினேன். பிடித்தேன். இன்னும் பிடித்தேன். நானாக விடவில்லை. டிக் என்று கேட்டது. மூடி கூடத்தைக் கடந்து போய் உன் பீரோ காலில் முட்டி நின்றது.

"சூப்பரா அடிக்கிறீங்க பெரிம்மா" என்றாள்.

"நான் அடிக்கிறது வேற மாதிரிம்மா. நடுவிரல்ல வீசுவேன். அது எனக்கே மறந்துபோச்சு, இப்ப நெனச்சாலும் வரமாட்டேங்குது" என்றேன். "நீ இப்ப பாத்தது உங்கம்மா அடிச்சது."

மூடியை எடுக்க எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள். என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஆள்காட்டி விரலை மட்டும் பிரித்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விளக்கு வைக்கும் நேரம் வரை விடவில்லை.